பொறுக்கி கோல்

முகத்தால் கோல் போட்ட ஒருவரை நான் நேரலையில் பார்த்திருக்கிறேன். 2010 ஆகஸ்ட் 8, லண்டன் வெம்ப்ளி மைதானம், கம்யூனிட்டி ஷீல்ட் ஆட்டம். வலது ஓரத்திலிருந்து வலென்சியா பந்தை கோல் வாசலுக்குக் குறுக்கே அனுப்பினார். மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் புதிதாக வந்திருந்த 22 வயது மெக்சிகோக்காரர் ஓடிவந்து வலது காலால் அடித்தார். அடி சரியாக விழவில்லை. பந்து எகிறி அவர் முகத்திலேயே மோதி, அங்கிருந்து செல்சியின் கோலுக்குள் போய்விட்டது. நட்பு ஆட்டங்களை விட்டுவிட்டால், யுனைடெட் சட்டையில் அவருடைய முதல் கோல் அது.

பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் என் சிரிப்பு சொந்தக்காரன் சிரிப்பு. ஏனென்றால் நானும் அந்த ஜாதிதான். 90களில் சென்னையில் ஓர் அலுவலக அணிக்கு ஏழு சீசன் ஃபார்வர்டாக ஆடியவன் நான். முழங்காலால் போட்டிருக்கிறேன், முட்டிக்குக் கீழே எலும்பில் பட்டுப் போயிருக்கிறது, ஒரு முறை முதுகில் பட்டுக்கூடப் போயிருக்கிறது. எங்கள் அணியில் எனக்கு வைத்த பெயர் ‘பொறுக்கி’. வசவு இல்லை, தொழில் பெயர். கோலி தட்டிவிட்டது, போஸ்டில் பட்டுத் திரும்பியது, எவனோ உழைத்துக் கொண்டுவந்து கடைசியில் கோட்டைவிட்டது என்று எல்லாவற்றையும் பொறுக்கி உள்ளே போடுகிறவன். நான் இரண்டு கோல் போட்ட அன்றும் டீக்கடையில் பாராட்டு கிராஸ் கொடுத்தவனுக்குத்தான். என் கோலுக்குப் பெயர் ஓசி கோல். பந்து தேடி வந்ததாம். பந்துக்கு என் விலாசம் எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை.

அந்தக் கேள்வியை எனக்காக உலகத்திடம் கேட்டவர் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிற மனிதர், முகத்தால் கோல் போட்ட அந்த மெக்சிகோக்காரர், ஹாவியேர் எர்னாண்டஸ். சட்டை முதுகில் ‘சிச்சாரித்தோ’ என்று எழுதியிருக்கும். குட்டிப் பட்டாணி என்று அர்த்தம். அவருடைய அப்பாவும் ஆட்டக்காரர், பெயரும் அதே ஹாவியேர்தான். பச்சைக் கண் என்பதால் அவரைப் ‘பட்டாணி’ என்று கூப்பிட்டார்கள். பட்டாணியின் பிள்ளை குட்டிப் பட்டாணி. நம் ஊர்ப் பட்டப்பெயர்களின் இலக்கணம்தான், மெக்சிகோவின் குவாதலஹாராவிலும்.

மெக்சிகோ தேசிய அணிக்காக இவரைவிட அதிக கோல் போட்டவர் கிடையாது. 109 ஆட்டம், 52 கோல். அதில் தூரத்திலிருந்து இடிமாதிரி அடித்தது எத்தனை என்று எண்ணினால் ஒரு கைவிரலே மிச்சமாகும். பெரும்பாலானவை கோல் வாசலுக்கு முன்னால், ஒரே தட்டில் போட்டவை. அதனாலேயே, இத்தனை போட்டும், ‘நல்ல ஆட்டக்காரரா, அதிர்ஷ்டக்காரரா’ என்ற பேச்சு அவரைவிட்டு விலகவில்லை. நான் சொல்ல வந்தது இதுதான்: ஓசி கோல் என்று ஒன்று கிடையாது. அப்படி ஒன்று இருப்பதாக நம்பியதற்கு மெக்சிகோ 2022 கத்தார் உலகக்கோப்பையில் விலை கொடுத்தது.

முதலில் தொழிலைப் பற்றிக் கொஞ்சம். டிஃபெண்டருக்கு இரண்டு கண்தான். பந்தையும் பார்க்க வேண்டும், ஆளையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே திசையில் இருக்கும்வரை அவர் ராஜா. பொறுக்கி செய்வது, பந்து எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம், டிஃபெண்டரின் தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வது. டிஃபெண்டர் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். ஆள் இருக்கிறான், சரி என்று பந்துப் பக்கம் முகத்தைத் திருப்புவார். அந்த நொடியில் பந்துக்குத் தூரமான செகண்ட் போஸ்ட் பக்கம் இரண்டடி போவதுபோல் போக்குக்காட்டி, பந்துக்குப் பக்கமான ஃபர்ஸ்ட் போஸ்டுக்கு வெட்டி ஓட வேண்டும். இப்படிப் பத்துத் தடவை ஓடினால் ஒன்பது தடவை பந்து வராது. பத்தாவது தடவை வரும்போது கேமராவில் தெரிவது கடைசித் தட்டு மட்டும்தான். ஒன்பது வெட்டி ஓட்டத்தையும் யாரும் கணக்கில் எழுதுவதில்லை. டிவியில் ஆட்டம் பார்க்கிறவர்களுக்கு ஒரு யோசனை: அடுத்த முறை பந்தை விட்டுவிட்டு ஐந்து நிமிஷம் அந்த ஒரு ஆளை மட்டும் பாருங்கள். கேமரா அவரைக் காட்டினால்.

2010 உலகக்கோப்பையில் பிரான்ஸ் ஆட்டம் நமக்கு நள்ளிரவில் தொடங்கியது. தென்னாப்பிரிக்காவின் பொலோக்வானே. 55ஆவது நிமிடம் சிச்சாரித்தோவை இறக்கினார்கள். 64ஆவது நிமிடம் ரஃபேல் மார்க்கெஸ் பிரெஞ்சுக்காரர்களின் தலைக்கு மேலாக ஒரு பந்தைத் தூக்கிப் போட்டார். அது போய் விழுந்த இடத்தில் இவர் தனியாக ஓடிக்கொண்டிருந்தார். ஆஃப்சைடு என்று இன்றைக்கும் சண்டை போடுகிறவர்கள் உண்டு. அரையடி விவகாரம் அது. அந்த அரையடியில் குடும்பம் நடத்துவதுதான் எங்கள் பிழைப்பு. கோலி யோரிஸ் முன்னேறி வந்தார். அடிக்காமல், அவசரப்படாமல், அவரைச் சுற்றிக்கொண்டு போய் வெறும் வலைக்குள் தட்டிவிட்டார்.

இதில் ஒரு வீட்டுக்கதை இருக்கிறது. அவருடைய அம்மாவின் அப்பா தோமாஸ் பால்காசர். 1954 ஜூன் 19, ஜெனீவாவில் நடந்த உலகக்கோப்பை ஆட்டத்தில், இதே பிரான்சுக்கு எதிராக, கடைசி நிமிடங்களில் 2-2 என்று சமன்செய்த கோலை அடித்தவர். அப்போது அவருக்கும் வயது 22. சில நிமிடத்தில் கோபா ஒரு பெனால்டியைப் போட்டு 3-2 என்று பிரான்சை ஜெயிக்கவைத்துவிட்டார். ஆக, தாத்தாவின் கோல் தோற்ற ஆட்டத்தின் கோலாகவே 56 வருஷம் கிடந்தது. பேரனின் கோலுக்குப் பிறகு பிளாங்கோவும் ஒரு பெனால்டி போட்டு 2-0 என்று முடித்தார். நடுவில் அப்பா, 1986இல் சொந்த நாட்டில் நடந்த உலகக்கோப்பை அணியில் இருந்தவர். சீவாஸ் கிளப்பின் ரிசர்வ் அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த அவர், பிள்ளை ஆடுவதைப் பார்க்கப் போக வேண்டும் என்று அந்த வேலையையே விட்டுவிட்டார்.

இதைச் சொன்னதும் ‘அதானே, குடும்பச் செல்வாக்கு’ என்பார்கள். செல்வாக்கு என்ன செய்தது பாருங்கள். 2005இல் பெருவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையை மெக்சிகோ வென்றது. வேலாவும் ஜொவானி தோஸ் சாந்தோசும் ஒரே மாதத்தில் நாட்டின் கண்மணிகள் ஆனார்கள். போக வேண்டிய சிச்சாரித்தோ காயம்பட்டு வீட்டில் இருந்தார். 2006இல் சீவாசுக்கு முதல் ஆட்டம், கடைசி எட்டு நிமிடம் இறங்கி ஒரு கோலும் போட்டார். அதற்குப் பிறகு வறட்சி. சீவாஸ் மெக்சிகோக்காரர்களை மட்டுமே வைத்து ஆடுகிற கிளப். வெளிநாட்டு ஃபார்வர்டு வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டான் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. 2009இல், இந்த ஆட்டமே வேண்டாம் என்று விட்டுவிடும் யோசனைக்குப் போயிருந்தார். வணிக நிர்வாகம் படித்துக்கொண்டிருந்த பையன். விட்டிருந்தால் குவாதலஹாராவில் ஏதோ ஓர் அலுவலகத்தில் நல்ல மேனேஜராகியிருப்பார், சனிக்கிழமை சாயங்காலம் எங்களைப் போல ஆடிக்கொண்டிருப்பார். விடவில்லை. 2010 முதல் பாதியில் 10 கோல் போட்டு லீக்கில் அதிக கோல் அடித்தவர்களில் ஒருவரானார். யுனைடெட் மேனேஜர் ஃபெர்குசன் உலகக்கோப்பைக்கு முன்பே ஏப்ரலில் அவரை மடக்கிவிட்டார். ஜூலையில் பொலோக்வானேக்குப் பிறகு போயிருந்தால் விலை வேறு.

கிளம்புவதற்கு முன் ஒரு விசித்திரமான விடைகொடுப்பு. 2010 ஜூலை 30, சீவாசின் புது மைதானத் திறப்பு விழா, எதிரணி யுனைடெட். முதல் பாதி சீவாசுக்கு ஆடினார், எட்டாவது நிமிடத்திலேயே கோல் போட்டார். இரண்டாம் பாதியில் சட்டையை மாற்றிக்கொண்டு யுனைடெட்டுக்கு ஆடினார். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் ஒரே பந்தியில் இலை போட்ட மாதிரி. அந்த மைதானத்தில் விழுந்த முதல் கோல் இன்றைக்கும் அவருடையதுதான்.

இங்கிலாந்தில் முதல் சீசனிலேயே எல்லாப் போட்டியும் சேர்த்து 20 கோல். அக்டோபரில் ஸ்டோக் அணிக்கு எதிராக, கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எகிறிப் பின்னந்தலையால் ஒன்று போட்டார். கோல் எங்கே இருக்கிறதென்று பார்க்காமல் போட்டார் என்று எழுதினார்கள். பார்க்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் இருட்டில் எழுந்தால் சுவிட்ச் எங்கே என்று கை போகிறதா இல்லையா, அதுபோலத்தான். மே மாதம் செல்சியோடு பட்டத்தைத் தீர்மானிக்கிற ஆட்டம். ஒரு நிமிடம் முடிவதற்குள் கோல், இவர் போட்டது.

ஆனால் பொறுக்கிக்கு என்று ஒரு தலையெழுத்து உண்டு. கடைசி அரை மணி நேரத்தில் இறங்கிக் கோல் போட்டால், ‘இவனைக் கடைசி அரை மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்’ என்று முடிவு செய்துவிடுவார்கள். 2012 நவம்பரில் ஆஸ்டன் வில்லாவிடம் யுனைடெட் 2-0 என்று பின்தங்கியிருந்தது. இடைவேளையில் இறங்கியிருந்தார் இவர். அவர் அடித்து உள்ளே போனவை மூன்று, அதில் ஒன்றை வில்லா டிஃபெண்டர் விளாரின் சொந்தக் கோல் என்று எழுதிக்கொண்டார்கள். ஆட்டம் 3-2. மூன்றையும் அவர் பெயரில் எழுதியிருந்தாலும் அடுத்த வாரத்துக்கு இடம் நிச்சயமாகியிருக்காது என்பது என் அபிப்பிராயம். எங்கள் அலுவலக அணியிலும் இதே கணக்குதான். நன்றாகச் சமைக்கிறாள் என்பதற்காகவே விசேஷத்தன்று அடுக்களையைவிட்டு வெளியே விடாத பெரியம்மா மாதிரி.

யுனைடெட்டில் மொத்தம் 157 ஆட்டத்தில் 59 கோல். அதில் எத்தனையோ ஆட்டங்களில் பாதி நேரம் பெஞ்சில். 2014இல் ரியல் மாட்ரிட்டுக்கு இரவல் போனார். அங்கேயும் பெஞ்ச்தான், குஷன் மட்டும் நல்ல குஷன். பென்சிமாவுக்கும் பேலுக்கும் காயம் என்றாகி, வேறு வழியில்லாமல் 2015 ஏப்ரல் 22 அன்று சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் அட்லெடிகோவுக்கு எதிராகத் தொடக்கத்திலிருந்தே இறக்கினார்கள். அந்த சீசனில் அட்லெடிகோவை ஏழு முறை சந்தித்தும் மாட்ரிட் ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. இதிலும் 88 நிமிடம் ஓடிவிட்டது. சிச்சாரித்தோ அதற்குள் ஒன்றிரண்டு வாய்ப்பை வீணாக்கியிருந்தார். பொறுக்கிக்கு அதுவும் ஒரு தகுதி: போன பந்தைப் பற்றி யோசிக்கக் கூடாது. ரொனால்டோ உள்ளே புகுந்து, தானே அடிக்காமல் குறுக்கே தள்ளினார். இவர் அங்கே இருந்தார். ஒரே தட்டு. மொத்தக் காலிறுதியிலும், இரண்டு ஆட்டமும் சேர்த்து, விழுந்த ஒரே கோல் அது.

மாட்ரிட் வைத்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்த யுனைடெட்டில் மேனேஜர் வான் ஹால். 2015 ஆகஸ்ட் 26, புரூஜ் நகரில் ஒரு பெனால்டி. ஓடிவந்து அடிக்கும்போது வழுக்கி, பந்து அவருடைய இன்னொரு காலிலும் பட்டு, எங்கோ போனது. பெஞ்சில் வான் ஹால் பக்கத்திலிருந்த உதவியாளர் கிக்சைத் திரும்பிப் பார்த்த பார்வையை இணையத்தில் இன்றைக்கும் பார்க்கலாம். நான்கு கோல் வித்தியாசத்தில் ஜெயித்த ஆட்டம் அது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, லெவர்குசனுக்கு விற்றுவிட்டார்கள். அங்கே இரண்டு சீசனில் 39 கோல். பிறகு வெஸ்ட் ஹாம், செவியா, 2020இல் லாஸ் ஏஞ்சலஸ் கேலக்சி. சொல்லும்படியாக அதிகமில்லை, காயங்களைத் தவிர.

தேசிய அணியில் கதை வேறு. 2017 மே மாதம் லாஸ் ஏஞ்சலசில் குரோஷியாவுக்கு எதிராக 47ஆவது கோல் போட்டு போர்ஹெத்தியின் 46 கோல் சாதனையைத் தாண்டினார். ஐம்பதாவது, 2018 உலகக்கோப்பையில் தென்கொரியாவுக்கு எதிராக. அதே உலகக்கோப்பையில் நடப்புச் சாம்பியன் ஜெர்மனியை மெக்சிகோ 1-0 என்று வீழ்த்தியது நினைவிருக்கும். கோல் போட்டவர் லொசானோ. அந்தப் பந்தைக் கொடுத்தது யார்? நடுக்கோட்டுக்கு அருகே ஒரே தட்டில் விட்டுவிட்டு ஓடி, திரும்ப வாங்கி, ஜெர்மானியர்களை இழுத்துக்கொண்டே போய், சரியான நேரத்தில் இடப்பக்கம் விட்டவர் நம் பொறுக்கிதான். அன்று டீக்கடையில் பாராட்டு முழுக்க கோல் போட்டவருக்கு. என்ன நியாயமோ!

அவருக்கு முந்தைய பெரிய பெயர் ஹூகோ சான்செஸ். 1989-90இல் ரியல் மாட்ரிட்டுக்காக அவர் ஸ்பானிய லீக்கில் போட்ட 38 கோலும் ஒரே தட்டில் போட்டவை என்பார்கள். அதை மேதைமை என்கிறார்கள், நானும் ஒப்புக்கொள்கிறேன். சான்செஸ் அந்தரத்தில் தலைகீழாகப் பாய்ந்து அடிப்பார், இறங்கியதும் குட்டிக்கரணம் போடுவார், பார்க்க விருந்து. ஆனால் தேசிய அணிக்கு அவர் போட்டது 29. சிச்சாரித்தோ போட்டது 52. ஒரே தட்டுக்கு ஒரு ஊரில் மேதைமை என்றும் அடுத்த தெருவில் அதிர்ஷ்டம் என்றும் பெயர் வைப்பதற்குக் குட்டிக்கரணம் ஒன்றுதான் காரணமா?

52ஆவது கோல் 2019 செப்டம்பர் 6 அன்று நியூஜெர்சியில் அமெரிக்காவுக்கு எதிராக. அந்த மாதத்தோடு சரி. அதற்குப் பிறகு பயிற்சியாளர் மார்டீனோ அவரைக் கூப்பிடவே இல்லை. நாட்டின் அதிகபட்ச கோல்காரருக்கு ஒரு வழியனுப்பு ஆட்டமோ, ஊரார் ஏற்றுக்கொள்ளும்படி ஒரு விளக்கமோ கிடையாது. 2022இல் அவர் அமெரிக்க லீக்கில் 18 கோல் போட்டார், வயது 34. கத்தாருக்கு மார்டீனோ கூட்டிக்கொண்டு போனவர்களில் ரவுல் ஹிமேனெசும் ஒருவர். மண்டையோடு உடைந்து பிழைத்து வந்த அந்த மனிதர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை. ஆனால் அப்போது வேறொரு காயத்தால் மாதக்கணக்காக ஆடாமல் இருந்தவர். ஹாலந்தில் கோல் குவித்துக்கொண்டிருந்த இளைஞர் சாந்தியாகோ ஹிமேனெசையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

சிச்சாரித்தோவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்றால் எல்லாவற்றுக்கும் இல்லை. 2024இல் சீவாசுக்கே திரும்பியவர், 2025 ஜூலையில் பெண்களைப் பற்றிச் சில வீடியோக்களில் உளறிவைத்தார். ஆண்மையை அழிக்கிறீர்கள், ஆணை வழிநடத்தவிடுங்கள், வீட்டைச் சுத்தம் செய்து பராமரியுங்கள் என்கிற தோரணை. கால்பந்துச் சம்மேளனம் அபராதம் போட்டது. நாட்டின் பெண் அதிபர் ஷெயின்பாம், நல்ல ஆட்டக்காரர்தான், பெண்கள் விஷயத்தில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்கிற அர்த்தத்தில் ஒரு போடு போட்டார். என் மகளுக்கு 2014 உலகக்கோப்பைச் சமயத்தில் பச்சை நிறத்தில் 14ஆம் எண் சட்டை ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தேன். செய்தியைப் படித்துவிட்டு அலமாரியிலிருந்து அதை எடுத்து வந்தாள். “தரை துடைக்க நல்லா இருக்கும்ப்பா, பருத்தி மாதிரிதான் இருக்கு. யார் துடைக்கறது, நீங்களா நானா?” என்றாள். நான்தான் துடைத்தேன். பருத்தி இல்லை, தண்ணீரை இழுக்கவே இல்லை.

அந்த அபராதம் நியாயம். அந்த வருஷக் கடைசியில் குரூஸ் அசூலுக்கு எதிரான காலிறுதியில் பெனால்டியை வானத்துக்கு அடித்துவிட்டு சீவாசைவிட்டு வெளியேறியது அவர் கணக்கு. நான் கேட்பது 2022இன் கணக்கு.

2022 நவம்பர் 30, லுசெய்ல் மைதானம், சவூதி அரேபியாவுக்கு எதிரான ஆட்டம். நமக்கு டிசம்பர் 1, அதிகாலை 12.30க்குத் தொடங்கியது. முதல் இரண்டு ஆட்டத்தில் மெக்சிகோ ஒரு கோல்கூடப் போடவில்லை. இங்கே இடைவேளை முடிந்ததும் ஹென்றி மார்டின் ஒன்று போட்டார், லூயிஸ் சாவெஸ் ஃப்ரீகிக்கில் பிரமாதமாக இன்னொன்று போட்டார். அதே நேரத்தில் இன்னொரு மைதானத்தில் போலந்து 2-0 என்று அர்ஜென்டினாவிடம் தோற்றுக்கொண்டிருந்தது. புள்ளி சமம், கோல் வித்தியாசம் சமம், போட்ட கோலும் சமம், நேருக்கு நேர் மோதியதும் டிரா. மஞ்சள் அட்டையை எண்ண ஆரம்பித்தார்கள். போலந்துக்கு ஐந்து, மெக்சிகோவுக்கு ஏழு. இன்னும் ஒரே ஒரு கோல் வேண்டும். அழகான கோல் வேண்டாம். முழங்கால், முதுகு, மூக்கு, எதில் பட்டாலும் சரி. லொசானோ போட்டது ஆஃப்சைடு. அந்தூனா போட்டது ஆஃப்சைடு. பந்து கோல் வாசலுக்குக் குறுக்கே மறுபடி மறுபடி போனது. இன்ஜுரி டைமில் சவூதி ஒன்று போட்டு, எண்ணின மஞ்சள் அட்டைக்கும் வேலையில்லாமல் செய்துவிட்டது. 1978க்குப் பிறகு முதல் தடவையாக, ஆடிய உலகக்கோப்பையில் முதல் சுற்றோடு மெக்சிகோ வீடு திரும்பியது.

இரண்டரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து வந்த என் மனைவி விளக்கைப் போட்டுவிட்டுக் கேட்டாள், சோபா முழுக்கக் காலியாகக் கிடக்க ஏன் ஓரத்துக் கைப்பிடியில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று. அப்போதுதான் கவனித்தேன். மெக்சிகோவின் தாக்குதல் இடது ஓரத்தில் வந்துகொண்டிருந்தபோதெல்லாம் நான் கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம், செகண்ட் போஸ்டுக்கு நகர்ந்திருக்கிறேன்.